இராமநாதபுரம் கடலுக்குப் பேக்பிளேட்டும் விங்கும் தேர்ந்தெடுக்கும் முறை

ஸ்கூபா பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய சில மாதங்களிலேயே, மிதப்பைக் கட்டுப்படுத்த அணியும் வாடகை ஜாக்கெட்டை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு பேக்பிளேட்டும் விங்கும் வாங்கலாமா என்ற எண்ணம் பலருக்கும் வந்துவிடுகிறது. தாராளமாக வாங்கலாம். ஆயினும் இந்தக் கருவியைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, குளிர்ந்த நீரில் தடித்த உடை அணிந்து இரட்டைச் சிலிண்டருடன் இறங்குபவர்களுக்காகச் சொல்லப்பட்டது. அதை அப்படியே மண்டபத்திலும் கீழக்கரையிலும் பின்பற்றினால் தேவையில்லாத கனத்தையும் தேவைக்கு மிஞ்சிய காற்றுப்பையையும் சுமக்க நேரிடும். எனவே நம் கடலுக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

பேக்பிளேட் என்பது முதுகில் படியும்படி வளைத்த ஓர் உலோகத் தட்டு. அதன் துளைகளின் வழியே 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே நைலான் பட்டை ஓடி, தோள்பட்டையாகவும் இடுப்புப் பட்டையாகவும் அமைகிறது. இதற்கு ஹார்னஸ் என்று பெயர். தட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விங் என்னும் காற்றுப்பை உட்காருகிறது. ஜாக்கெட்டில் இவை எல்லாம் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். இங்கே தனித்தனியாக இருப்பதால் ஒன்று பழுதானாலோ பொருந்தாமல் போனாலோ அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நம் கடலின் தன்மை

இராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் வடகடல், தென்கடல் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். வடகடல் பாக் விரிகுடா. அதன் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. தென்கடல் மன்னார் வளைகுடா. தீவுகளை ஒட்டிய பவளத்திட்டுகள் பல இடங்களில் ஒரு சில மீட்டர் ஆழத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

ஆழம் குறைவு என்றால் எளிது என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. மிதப்பைக் கட்டுப்படுத்துவதில் உண்மை அதற்கு நேர்மாறானது. 30 மீட்டரிலிருந்து 25 மீட்டருக்கு ஏறும்போது அழுத்தம் 4 பாரிலிருந்து 3.5 பாராகக் குறைகிறது. விங்கில் உள்ள காற்று ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மட்டுமே விரிகிறது. அதே 5 மீட்டரை மேற்பரப்புக்கு அருகில் ஏறினால் அழுத்தம் 1.5 பாரிலிருந்து 1 பாராகிறது. காற்று ஒன்றரை மடங்காகிவிடுகிறது. தேவைக்கு மேல் 2 கிலோ ஈயம் கட்டியவர் அதைச் சமன்செய்ய விங்கில் கூடுதலாக 2 லிட்டர் காற்று வைத்திருக்க வேண்டும். 5 மீட்டரிலிருந்து அவர் மெல்ல மேலெழுந்தால் அது 3 லிட்டராகி அவரை மேலும் மேலே தள்ளும். பதறிக் காற்றை வெளியேற்றினால் கீழே போய்க் கடற்புல்லின் மீதோ பவளத்தின் மீதோ விழுவார். ஆகவே நம் கரையில் கருவி தேர்வு செய்வதன் முழு நோக்கமும், விங்கில் இருக்க வேண்டிய காற்றின் அளவை இயன்றவரை குறைப்பதுதான்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் எடை பார்த்தல்

எந்தத் தட்டு, எந்த விங் என்ற கேள்விக்கு விடை உங்கள் உடலிலும் உடையிலும் சிலிண்டரிலும் இருக்கிறது. ஆகவே முதலில் அவற்றின் கணக்கைப் போடுங்கள்.

நம் நாட்டில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர்கள். 200 பாருக்கு நிரப்பினால் அதற்குள் இருக்கும் காற்றின் எடை மட்டுமே ஏறக்குறைய 2.6 கிலோ. நிரம்பிய நிலையில் இச்சிலிண்டர் கடல்நீரில் முக்கால் கிலோ அளவுக்கு மூழ்கும், காலியாகும்போது 1.8 கிலோ அளவுக்கு மிதக்கும். எனவே முக்குளிப்பின் தொடக்கத்தில் மூழ்குகிறோமா என்று பார்ப்பதில் பயனில்லை. 50 பார் மிச்சமிருக்கும் கடைசிக் கட்டத்தில், 5 மீட்டர் ஆழத்தில், விங்கில் காற்றே இல்லாமல் நிலையாக நிற்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல். அந்த நிலையில் சிலிண்டர் 1.2 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். சிலிண்டரின் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேட்டர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இழுத்து அதில் பெரும்பகுதியை ஈடுசெய்யும்.

அடுத்தது உடை. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் கடல்நீரை நிரப்பி, வெட்சூட் என்னும் ரப்பர் நுரை உடையை நன்றாக நனைத்துக் காற்றைப் பிழிந்துவிட்டு, ஒரு வலைப்பையில் சுருட்டி வையுங்கள். பை மூழ்கத் தொடங்கும்வரை அதில் ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். அந்த ஈயத்தின் எடையே உங்கள் உடையின் மிதப்பு. 3 மில்லிமீட்டர் முழு வெட்சூட்டுக்கு இது பொதுவாக ஒன்று முதல் 2 கிலோ வரை வரும். லைக்ரா மேற்சட்டைக்கு ஒன்றுமே வராது. உடலின் மிதப்பு ஆளுக்கு ஆள் மாறும். மெலிந்தவர்கள் சிலர் மூச்சை விட்டதும் மூழ்கிவிடுவார்கள். வேறு சிலருக்கு 2 கிலோ ஈயம் தேவைப்படும். அரியமான் கரைபோல அலை குறைந்த, இடுப்பளவு தண்ணீரில் ஒரு நண்பரை அருகில் வைத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

உலோகத் தட்டைத் தண்ணீருக்குள் எடை பார்ப்பதற்கு மீன் ஏலக்கூடத்தில் தொங்கும் சுருள்வில் தராசே போதும். நான் ஒருமுறை அப்படிப் பார்த்தேன். 2.7 கிலோ எடையுள்ள எவர்சில்வர் தட்டைக் கொக்கியில் மாட்டி, கடல்நீர் நிறைந்த மீன் கூடைத் தொட்டிக்குள் இறக்கியதும், முள் காட்டும் எடை மெல்லக் குறைந்து 2.35 கிலோவுக்கு அருகே நின்றது. அதே கொக்கியில் 900 கிராம் அலுமினியத் தட்டை மாட்டி இறக்கியபோது முள் அரைக் கிலோவைச் சற்றே தாண்டியது. எவர்சில்வர் தன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவையே தண்ணீரில் இழக்கிறது. அலுமினியமோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடுகிறது. கடைக்காரர் சொல்லும் எடை காற்றில் பார்த்த எடை என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: தட்டு

இப்போது கணக்கு தானே விடை சொல்லும். ஓர் எடுத்துக்காட்டு: உடல் அரைக் கிலோ மிதக்கிறது, 3 மில்லிமீட்டர் வெட்சூட் ஒன்றரைக் கிலோ மிதக்கிறது, கடைசிக் கட்டச் சிலிண்டர் 1.2 கிலோ மிதக்கிறது, ரெகுலேட்டர் 0.9 கிலோ கீழே இழுக்கிறது. மீதம் 2.3 கிலோ மிதப்பு. எவர்சில்வர் தட்டு ஒன்றே இதை ஈடுசெய்துவிடும். பட்டையில் உள்ள உலோக வளையங்களும் கொக்கியும் சேர்ந்தால் இடுப்பில் ஈயமே கட்ட வேண்டியதில்லை. இதே ஆள் கோடையில் லைக்ரா மட்டும் அணிந்து இறங்கினால் மீதம் 0.8 கிலோ, அலுமினியத் தட்டும் வளையங்களும் அதற்குச் சரியாகப் போதும். அந்த நாளில் எவர்சில்வர் தட்டைப் போட்டால் முழு நேரமும் ஒன்றேமுக்கால் கிலோ வீண் கனத்தைச் சுமப்பார்.

ஆகையால் என் முடிவு இதுதான்: வெட்சூட் அணிந்து இறங்குபவர் எவர்சில்வர் தட்டையும், லைக்ராவோடு இறங்குபவர் அலுமினியத் தட்டையும் வாங்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அலுமினியத்தை வாங்குங்கள். குறைந்த கனத்தை ஈயத்தால் கூட்டிக்கொள்ளலாம், கூடிய கனத்தைக் குறைக்க வழியில்லை. அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ விமானத்தில் கொண்டுபோவதற்கும் அதுவே வசதி.

தட்டின் நீளத்தையும் பாருங்கள். முதுகு குட்டையானவர்களுக்குச் சாதாரண அளவுத் தட்டின் கீழ்விளிம்பு இடுப்பெலும்பில் இடிக்கும். அவர்களுக்கென்றே சிறிய அளவுத் தட்டுகள் வருகின்றன. நடுவில் உள்ள இரண்டு திருகுத் துளைகளுக்கு இடையே 28 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பது பொது வழக்கம். அது இருந்தால் பெரும்பாலான நிறுவனங்களின் விங் பொருந்தும்.

கழற்றிவிடக்கூடிய ஈயம் இல்லாமல் எல்லாக் கனமும் முதுகிலேயே இருப்பது ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லோடு இறங்கி, அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். மேலே படகில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். நாம் கனத்தை உடலோடு வைத்துக்கொள்கிறோம் என்பதால், விங் கிழிந்துபோனால் கால்துடுப்பின் பலத்தால் மட்டும் நீந்தி மேலே வர முடிகிறதா என்பதே சோதனை. மேற்சொன்ன எடுத்துக்காட்டில், சிலிண்டர் நிரம்பியிருக்கும் தொடக்க நேரத்தில் 2 கிலோவுக்குச் சற்று அதிகமும், வெட்சூட் நசுங்குவதால் இன்னும் ஒரு கிலோவும் கீழே இழுக்கும். இதை நீந்திச் சமாளிக்க முடியும். எவர்சில்வர் தட்டோடு இரும்புச் சிலிண்டரையும் மாட்டிக்கொண்டு வெறும் லைக்ராவில் இறங்குவதை மட்டும் ஒருபோதும் செய்ய வேண்டாம்.

மூன்றாம் படி: விங்

விங்கின் தூக்குதிறனைப் பெரும்பாலும் பவுண்டுக் கணக்கில் சொல்வார்கள். 20 பவுண்டு என்பது 9 கிலோ, 30 பவுண்டு என்பது 13.6 கிலோ. விங் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. தண்ணீருக்குள் அது ஈடுசெய்ய வேண்டியவை, மூச்சுக்கு மூச்சு குறைந்துகொண்டே போகும் காற்றின் எடையும், நசுங்கும் வெட்சூட் இழக்கும் மிதப்பும் ஆகும். இரண்டும் சேர்ந்து 4 கிலோவைத் தாண்டுவது அரிது. இரண்டாவது வேலை மேற்பரப்பில் கருவியைத் தனியே மிதக்க வைப்பது. நம் கரையில் இது மிக முக்கியம்.

காரணம் நம் படகுகள். இங்கே முக்குளிப்புக்குக் கிடைப்பவற்றில் பல, ஏணியோ பின்தளமோ இல்லாத நாட்டுப்படகுகள்தாம். “தம்பி, மொதல்ல சிலிண்டரக் குடுங்க, பொறவு நீங்க ஏறலாம்” என்று படகோட்டி அண்ணன் கை நீட்டுவார். அந்த நேரத்தில் கருவியைத் தண்ணீரிலேயே கழற்றி, விங்கை ஊதி மிதக்கவிட்டு, சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து அவர் கைக்குத் தள்ள வேண்டும். எவர்சில்வர் தட்டு, நிரம்பிய சிலிண்டர், ரெகுலேட்டர், வளையங்கள் எல்லாம் சேர்ந்தாலும் கீழே இழுப்பது நாலரைக் கிலோவுக்குள்தான். எனவே 8 அல்லது 9 கிலோ தூக்கும் விங் இரண்டு வேலைக்கும் தாராளம். பெரியதாக இருந்தால் பாதுகாப்பு கூடும் என்று எண்ணி 18 கிலோ விங் வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றில்லாத அதன் மடிப்புகள் சிலிண்டரைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும், மடிப்புக்குள் சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமல் நிற்கும், நீந்தும்போது தண்ணீரின் எதிர்ப்பையும் கூட்டும்.

வடிவத்தில் வளையம்போல முழுச்சுற்றாக இருப்பதும், குதிரை லாடம்போல அடியில் பிரிந்திருப்பதும் என இரண்டு உண்டு. புதியவர்களுக்கு வளைய வடிவையே சொல்வேன். காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடிவழியாகவும் ஓடும் என்பதால் உடல் ஒருபுறம் சாய்வது குறையும். துணியில் சிக்கனம் வேண்டாம். கொட்டலசு என்னும் கூரிய ஓட்டு உயிர்கள் படிந்த பாறையும் படகின் ஓரத்து ஆணியும் உரசும் இடத்தில், கெட்டியான வெளித்துணிக்குள் தனிக் காற்றுப்பை கொண்ட விங்கே நீடிக்கும். இரட்டைக் காற்றுப்பை நமக்குத் தேவையில்லை. விங்குக்குள் காற்றை விடும் இன்ஃப்ளேட்டர் குழாய் 30 முதல் 35 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் போதும். நீண்ட குழாய் பவளத்தில் சிக்கும்.

மேற்பரப்பில் விங் முகத்தை முன்னோக்கித் தள்ளுகிறது என்ற புகார் அடிக்கடி வரும். விங்கை முழுவதும் ஊதியதே பெரும்பாலும் அதற்குக் காரணம். வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும் அளவுக்கு மட்டும் ஊதி, நாற்காலியில் சாய்வதுபோலச் சற்றுப் பின்னால் சாய்ந்தால் சரியாகிவிடும்.

சிலிண்டர் பட்டைகள்

சிலிண்டரைப் பிடிக்க இரண்டு பட்டைகள் வேண்டும். இதில் ஒரு பாடம் எனக்கு வடகடலில் கிடைத்தது. உலர்ந்த பட்டைகளை வீட்டிலேயே இறுக்கிப் பூட்டிக்கொண்டு போயிருந்தேன். இறங்கிய பத்தாவது நிமிடத்தில் தலையின் பின்புறம் வழக்கமாகத் தட்டும் ரெகுலேட்டரைக் காணோம். சிலிண்டர் ஒரு சாண் கீழே நழுவி, அதன் அடிப்பாகம் தொடையின் பின்பக்கத்தில் மோதிக்கொண்டிருந்தது. கூட வந்தவர் வால்வைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே என்னை மேலே கொண்டுவந்தார். நைலான் பட்டை நனைந்தால் தளரும். ஆகவே பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே சிலிண்டரில் மாட்டி இறுக்க வேண்டும். இறுக்கிய பின் வால்வைப் பிடித்துத் தூக்கி உலுக்கிப் பாருங்கள். சிலிண்டர் அசையாமல் தட்டும் விங்கும் கூடவே எழ வேண்டும்.

நான்காம் படி: பட்டையை உடலுக்குப் பொருத்துதல்

இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். எந்த உடையில் இறங்கப்போகிறீர்களோ அதையே அணிந்துகொண்டு பொருத்துங்கள். தோள்பட்டைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு கை எளிதாக நுழைய வேண்டும். ஜாக்கெட்டைப்போல இறுக்கினால் கழற்றவே முடியாது. கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோனால் விரல்நுனி தட்டின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் தட்டு மிகவும் கீழே தொங்குகிறது என்று பொருள், பட்டையைச் சுருக்குங்கள். தோளில் வலம் ஒன்று, இடம் ஒன்று, இடது இடுப்பில் ஒன்று என மூன்று டி-வளையங்கள் போதும். இடுப்பு வளையத்தில் அழுத்தமானியை மாட்டலாம். இடுப்புக் கொக்கியை நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் தள்ளி வையுங்கள், தொடைகளுக்கு நடுவே செல்லும் கவட்டுப் பட்டையை அவிழ்க்கும்போது அது தவறித் திறக்காது. கவட்டுப் பட்டை இல்லாமல் இறங்க வேண்டாம்; அது இல்லாவிட்டால் விங் ஊதும்போது தட்டு கழுத்தை நோக்கி ஏறும்.

பட்டையை முதல் நாளே அளவாக வெட்டிவிடாதீர்கள். நான்கைந்து முறை இறங்கிய பின் மிச்சத்தை வெட்டி, முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டி உருக்கி ஒட்டுங்கள். தோள் வலி உள்ளவர்கள், படகுக்கு அருகே தண்ணீரில் கழற்றச் சிரமப்படுபவர்கள், தோளில் தளர்த்தி இறுக்கும் கொக்கி உள்ள ஹார்னஸை வாங்குவதில் தவறில்லை. ஒரே பட்டைதான் உயர்ந்தது என்ற வாதத்துக்காக உடலை வருத்த வேண்டாம்.

உப்பும் நல்ல தண்ணீரும்

எவர்சில்வர் என்றாலும் கடல் உப்பில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். 316 தரமுள்ள வளையங்களைக் கேட்டு வாங்குங்கள்; அதில் உள்ள மாலிப்டினம் உப்பைத் தாங்கும் திறனைக் கூட்டுகிறது. அலுமினியத் தட்டில் எவர்சில்வர் திருகைப் பூட்டினால், இரண்டு உலோகங்களும் உப்புநீரில் சேரும் இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். நடுவே ரப்பர் அல்லது நைலான் வளையம் வைத்து, மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள்.

கழுவுவதற்குத் தண்ணீர் எங்கே என்பதுதான் நம் மாவட்டத்தின் கேள்வி. கடலோர ஊர்கள் பலவற்றில் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பாக இருக்கிறது. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகத்தான் முடியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் ஒரு பெரிய வாளி பிடித்து வையுங்கள். அது போதும். முதலில் ரெகுலேட்டர், அடுத்து இன்ஃப்ளேட்டர், கடைசியாகப் பட்டையும் தட்டும் என்ற வரிசையில் ஒரே வாளியில் முக்கி எடுக்கலாம். விங்கின் உள்ளே அரை லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, அடி வால்வு வழியாக வடித்துவிட்டு, பாதியளவு ஊதி நிழலில் தொங்கவிடுங்கள். உள்ளே காயும் உப்புப் படிகங்கள் காற்றுப்பையை அறுக்கும்.

ஐந்தாம் படி: முதல் இறக்கம்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கலங்கியிருக்கும், அப்போது வடகடல் அமைதியாக இருக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழாகும். புதிய கருவியோடு முதல்முறை இறங்குவதற்கு அமைதியான பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே போகக்கூடாது. பயிற்சிக்குப் பவளத்திட்டு பொருத்தமான இடமும் இல்லை. மணல் அடித்தளம் உள்ள 4, 5 மீட்டர் ஆழம் போதும். ஜாக்கெட்டில் பழகிய கை, காற்றை வெளியேற்றும் கயிற்றை வலது தோளில் தேடும். விங்கில் அது இடது பின்பக்க அடியில் இருக்கிறது. இறங்குவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை அதைத் தொட்டுப் பழகுங்கள்.

சிலிண்டரில் 50 பார் மிச்சமிருக்கும்போது விங்கை முழுவதும் காலி செய்து, மணலுக்கு ஒரு மீட்டர் மேலே கிடைமட்டமாகப் படுத்து, கையையும் காலையும் அசைக்காமல் இயல்பாக மூச்சு விடுங்கள். மெல்ல மேலே போனால் ஒரு கிலோ ஈயத்தைக் கூட்டுங்கள். மணலில் படிந்தால் குறையுங்கள். கால் மட்டும் மேலெழுந்தால், காலியாகிவரும் அலுமினியச் சிலிண்டரின் அடி மிதக்கிறது என்று அறிந்து, அரைக் கிலோ ஈயத்தைச் சிலிண்டரின் கீழ்ப்பட்டையில் கோத்துவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் உங்கள் முக்குளிப்புக் குறிப்பேட்டில், எந்த உடை, எந்தத் தட்டு, எவ்வளவு ஈயம் என்று தேதியோடு எழுதி வைத்தால், அடுத்த மாதம் வெட்சூட்டை மாற்றும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.